புளூகிராஸ், ட்ரெடிஷனல் கன்ட்ரி புது அல்பங்கள்: கிட்டாரும் மாண்டலினும் வைத்துப் பழக எதை எடுப்பது?

ஹட்டன்_ஆறுதந்தி:

எல்லாருக்கும் வணக்கம். மூணு பேர் உள்ள சின்னக் குழு. ஒரு ட்ரெட்நாட் கிட்டார், ஒரு மாண்டலின், ஒரு கஹோன் பெட்டி (மேல உட்கார்ந்து கையால தட்டுறது). மாண்டலின் பிடிக்கிற தங்கச்சி கர்நாடக வயலின் முறையாப் படிச்சவ. பான்ஜோ இப்ப இல்ல, அடுத்த வருஷம் ஒண்ணு எடுக்கிற யோசனை இருக்கு.

2024, 2025ல வந்த புளூகிராஸ் (அமெரிக்க அக்கூஸ்டிக் தந்திக் கருவி இசை) அல்பங்கள்ல கேட்டு, அப்படியே வாசிச்சுப் பழகத் தோதானது எது? எந்தப் பட்டியலைத் திறந்தாலும் பில்லி ஸ்ட்ரிங்ஸ்ல ஆரம்பிச்சு அவர்லயே முடியுது. அந்த வேகத்துக்குக் கை போகல. இன்னொரு பக்கம், நம்ம ஊர்ல கன்ட்ரின்னா ஜிம் ரீவ்ஸ்தான். ட்ரெடிஷனல் கன்ட்ரின்னு இப்ப சொல்றாங்களே, அது அதுதானா, வேறயா? புளூகிராஸுக்கும் அதுக்கும் என்ன கோடு?

டேட்டா கணக்கும் இருக்கு. எல்லாத்தையும் கேட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய வசதி இல்ல. மூணு நாலு அல்பம் சொன்னாப் போதும். கஹோனை என்ன செய்யிறதுன்னும் சொல்லுங்க.

நாலுகட்டை:

தம்பி, பில்லி ஸ்ட்ரிங்ஸைக் கேளுங்க, ஆனா அங்க இருந்து வாசிக்கத் தொடங்காதீங்க.

'ஹைவே ப்ரேயர்ஸ்' 2024 செப்டெம்பர்ல வந்தது. 20 பாட்டு, ஜான் ப்ரையனோட சேர்ந்து தயாரிச்சது. நல்ல அல்பம்தான். ஆனா எந்தச் சத்தம் எந்தக் கருவியோடதுன்னு புதுக் காதுக்குப் பிரிச்செடுக்கக் கஷ்டம். அதே வருஷம் ஜூலையில வந்த 'லைவ் வால்யூம் 1' மேடைப் பதிவு. 2025 கிராமியில சிறந்த புளூகிராஸ் அல்பம் அதுதான். மேடையில அவர் அக்கூஸ்டிக் கிட்டாரையே எஃபெக்ட் பெடல்கள் வழியா விடுறவர். ஒரு அறைக்குள்ள மூணு பேர் வெறும் கருவியோட உட்கார்ந்து அதை வாசிச்சா, என்னமோ குறையுதேன்னு மண்டை காயும். கை குறையல, பெடல்தான் இல்ல.

பழக எடுக்க வேண்டியது அவரோட 2022 அல்பம், 'மீ அண்ட் டாட்'. வளர்த்த தகப்பன் டெரி பார்பரோட சேர்ந்து பழைய பாட்டுகளை நேரா வாசிச்சிருக்கார். பாடுறாங்க, ஒருத்தர் சோலோ எடுக்கிறார், திரும்பப் பாடுறாங்க. புளூகிராஸோட எலும்புக்கூடு அதுல நல்லாத் தெரியும். நீங்க கேட்ட இரண்டு வருஷத்துக்கு முந்தினதுதான், பரவாயில்ல.

அந்த இரண்டு வருஷத்துக்குள்ளயே வேணும்னா டெல் மெக்கூரி குழுவோட 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் லைஃப்', 2024. மனுசன் 1939ல பிறந்தவர், 1963ல, புளூகிராஸோட தகப்பன்னு சொல்ற பில் மன்றோவோட குழுவில இருந்தவர். மகன் ரானி மாண்டலின், இன்னொரு மகன் ராப் பான்ஜோ. உங்க மாண்டலின் தங்கச்சிக்கு நான் முதல்ல குடுப்பது இதைத்தான். சோலோவுக்காக இல்ல, டெல் பாடிக்கிட்டு இருக்கும்போது ரானி பின்னால போடுற 'சக்'குக்காக.

கோடு எங்கன்னு கேட்டீங்க. புளூகிராஸ்ல ட்ரம் கிடையாது. மன்றோ 1939ல இருந்தே கிராண்ட் ஓல் ஒப்ரி வானொலி நிகழ்ச்சியில பாடிக்கிட்டு இருந்தார். ஆனா இன்னைக்கு நாம புளூகிராஸ்னு சொல்ற சத்தம் 1945 கடைசியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூணு விரல் பான்ஜோவோட அந்தக் குழுவுக்குள்ள வந்த பிறகுதான் முழுசாச்சு. டபுள் பேஸ் முதல் அடியப் பிடிக்கும், மாண்டலின் இரண்டாவது அடியில தந்திய வெட்டி நிறுத்தும். 'டூம்–சக், டூம்–சக்'. அந்த 'சக்'தான் ட்ரம். அதனால உங்க கஹோனுக்கு இங்க உண்மையில வேலை இல்ல. ஆளை விட முடியாதுன்னா 'டூம்' மட்டும் அடிக்கச் சொல்லுங்க, பெட்டியோட நடுவுக்குக் கொஞ்சம் மேல, உள்ளங்கையால. பேஸ் இல்லாத குழுவுக்கு அது உதவும். 'சக்'கை மாண்டலினும் கஹோனும் சேர்ந்து அடிச்சா இரண்டுக்கும் இடையில முடி அளவு பிசகும். கேட்கிறவங்களுக்கு ஏன்னு தெரியாது, ஆனா பாட்டு நொண்டும்.

அலிசன் க்ராஸ் அண்ட் யூனியன் ஸ்டேஷன் 14 வருஷத்துக்குப் பிறகு 2025 மார்ச்ல 'ஆர்கேடியா' விட்டாங்க. முந்தினது 2011ல 'பேப்பர் ஏர்ப்ளேன்'. டான் டிமின்ஸ்கி இருந்த இடத்துல இப்ப ரசல் மூர் பாடுறார். 10 பாட்டுத்தான். வேகம் குறைவு, சத்தம் பளிங்கு மாதிரி. ஒவ்வொரு கருவியும் எப்ப ஒதுங்குது, எப்ப உள்ள வருதுன்னு கேட்டுப் பழக இதுக்கு மேல வேண்டாம். ஜெரி டக்ளஸோட டோப்ரோவை (கிடத்தி வெச்சுச் சறுக்கி வாசிக்கிற கிட்டார்) மட்டும் ஒரு தடவை முழுக்கக் கேளுங்க. பாடுற வரிக்கு நடுவுல அந்த ஆள் வாயே திறக்கிறதில்ல, வரி முடிஞ்ச இடைவெளியிலதான் பேசுறார். புதுசா வாசிக்கிற எல்லாரும் செய்யிற பிழை அங்கதான்: பாடகர் பாடிக்கிட்டு இருக்கும்போதே நிரப்புறது.

மோலி டட்டில்: 'க்ரூக்கட் ட்ரீ' (2022), 'சிட்டி ஆஃப் கோல்ட்' (2023) இரண்டும் கோல்டன் ஹைவே குழுவோட, இரண்டுக்கும் கிராமி. கிட்டார் தம்பிக்கு இரண்டுமே பாடப் புத்தகம். ஆனா 2025 ஆகஸ்டுல வந்த 'சோ லாங் லிட்டில் மிஸ் சன்ஷைன்' வேற சாதி. ஜே ஜாய்ஸ் தயாரிப்பு, பாப் பக்கம் சாய்ஞ்சது. புளூகிராஸ்னு நினைச்சு எடுத்தா ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வயலின்_அக்கா:

மாண்டலின் பிடிக்கிற தங்கச்சிக்காக இதை எழுதுறேன்.

கர்நாடக வயலினை ஸ–ப–ஸ–ப என்று சுருதி சேர்க்கிறோம். மாண்டலின் தடித்த தந்தியில் இருந்து ஜி–டி–ஏ–ஈ. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாட்டிக்கொள்வது நடுவில்தான். நம் வயலினில் மூன்றாம் தந்தி பஞ்சமம், இரண்டாம் தந்தி மேல் ஸட்ஜம். இடைவெளி ஐந்து அரைச்சுரம். மாண்டலினில் அதே இடத்தில் ஏழு அரைச்சுரம். எல்லாத் தந்தியும் ஸ–ப உறவிலேயே இருக்கிறது. அதனால் கை பழகிய வழியில் மூன்றாம் தந்தியில் இருந்து இரண்டாவதுக்குத் தாண்டும்போது சுரம் இரண்டு பிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) மேலே போய் விழும். காது உடனே சொல்லிவிடும், ஆனால் விரல் கேட்காது. முதல் இரண்டு வாரம் ஸ்கேலை ஒரே தந்தியில் வாசிக்க வேண்டாம். தந்தி தாண்டும் இடத்தை மட்டும், நான்கு சுரம் நான்கு சுரமாக எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அசைவு. கமகம் வேண்டாம். பிரெட் போட்ட கருவியில், அதுவும் இரட்டைத் தந்தியில் அசைத்தால் இரண்டு தந்தியும் ஒரே அளவு நீளாது, அபசுரமாகும். புளூகிராஸில் வரும் சறுக்கு வேறு. ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், சாதாரண காந்தாரத்தைத் தொட்டுவிட்டு அந்தர காந்தாரத்தில் போய் நிற்பது. பான்ஜோக்காரர்கள் மூன்றாம் தந்தியில் 2ல் இருந்து 3க்குச் சறுக்கி, உடனே திறந்த இரண்டாம் தந்தியை அடிப்பது இதேதான். ஸ்க்ரக்ஸ் வாசிப்பில் ஒவ்வொரு இரண்டு வரிக்கும் ஒருமுறை இது வந்துவிடும். இதை இராகம் மாறிவிட்டது என்று நினைக்கக்கூடாது. இரண்டு காந்தாரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதுதான் அந்த இசையின் புளிப்பு.

'சக்' போடுவதற்கு ஜி கோர்ட் வடிவம்: தடித்த தந்தியில் இருந்து 7–5–2–3. திறந்த தந்தி ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். அடித்த கணமே இடது கை விரலைத் தந்தியில் இருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சத்தம் வெட்டுப்படும். வலது கையால் மூடி நிறுத்தப் பார்த்தால் அடுத்த அடிக்குக் கை வந்து சேராது. சின்னக் கைக்கு 7க்கும் 2க்கும் இடையில் எட்டாது. அப்போது தடித்த தந்தியை விட்டுவிட்டு 5–2–3 மட்டும் பிடிக்கலாம், மோதிர விரல் நுனியால் தடித்த தந்தியைத் தொட்டு ஊமையாக்கிக்கொண்டு. கோர்ட் மாற, வடிவம் அப்படியே நகரும்: ஏக்கு 9–7–4–5, பிக்கு 11–9–6–7.

மெட்ரோனோமை 80ல் வைத்து, அந்த மணியை முதல் அடி என்று எண்ணாமல் 'சக்' என்று எண்ணச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் தலை சுற்றும். அது வசப்பட்டால் ரானி மெக்கூரி என்ன செய்கிறார் என்று தானாகவே கேட்கும்.

பான்ஜோ ரோலைப் பற்றி, அதாவது விரல்கள் மாறி மாறித் தந்தியை அடிக்கும் வரிசையைப் பற்றி, ஒரு வார்த்தை. எட்டு அடி கொண்ட ஃபார்வர்ட் ரோலை எல்லாரும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு 'த'விலும் கொஞ்சம் அழுத்தம். வாயால் சொல்லிக்கொண்டே 'மீ அண்ட் டாட்' பான்ஜோவோடு போய்ப் பாருங்கள். நான்கு நான்காக எண்ணுகிறவர்களுக்குப் பிடிபடாமல் போவது இந்த மூன்றுதான்.

சியரா ஹல்லின் 'எ டிப் டோ ஹை வயர்' (2025 மார்ச்) மாண்டலினுக்கு அந்த வருடம் வந்ததில் எனக்குப் பிடித்தது. ஆனால் இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்து.

ஞாயிறு_ரேடியோ:

ஜிம் ரீவ்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

ஜிம் ரீவ்ஸ் (1964ல விமான விபத்துல போனவர்) பாடினது நாஷ்வில் சவுண்டு. செட் அட்கின்ஸ் மாதிரியான தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் (நாட்டுப்புறப் பாணியில வாசிக்கிற வயலின்) ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளிட்டு, பியானோ, வயலின் கூட்டம், பின்னணிக் குரல்னு மெருகேத்தின காலம் அது. இன்னைக்கு ட்ரெடிஷனல் கன்ட்ரின்னு சொல்றது அப்படித் தள்ளின சாமான்களைத் திரும்ப முன்னுக்குக் கொண்டு வர்றது. ஃபிடில், பெடல் ஸ்டீல், டெலிகாஸ்டர் மின் கிட்டார், ட்ரம். அதனால ரீவ்ஸ் பிடிச்சவருக்கு இது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். குரலுக்காகக் கேட்டவங்க வருவாங்க, மெத்தை மாதிரிச் சத்தத்துக்காகக் கேட்டவங்க ஓடிருவாங்க.

எடுக்க வேண்டியது ஸாக் டாப். 'கோல்ட் பியர் அண்ட் கன்ட்ரி மியூசிக்' 2024 ஏப்ரல், 12 பாட்டு. அடுத்தது 'எயின்ட் இன் இட் ஃபார் மை ஹெல்த்', 2025 ஆகஸ்டு. இவர் குடும்பத்தோட புளூகிராஸ் வாசிச்சு வளர்ந்த ஆள், அது அவரோட கிட்டார்லயே தெரியும். தயாரிப்பாளர் கார்சன் சேம்பர்லின் ஒருகாலத்துல கன்ட்ரி பாடகர் கீத் விட்லிக்கு ஸ்டீல் வாசிச்சவர். கீத் விட்லி சின்ன வயசுல ரால்ஃப் ஸ்டான்லியோட புளூகிராஸ் குழுவுல இருந்தவர். மேல கேட்ட அந்தக் 'கோடு' எவ்வளவு மெல்லிசுன்னு இந்த ஒரு சங்கிலியிலயே தெரியும்.

சார்லி க்ராக்கெட் 2025ல மட்டும் இரண்டு விட்டார், மார்ச்ல 'லோன்சம் ட்ரிஃப்டர்', ஆகஸ்டுல 'டாலர் எ டே'. முதலாவதைக் கேளுங்க. மூணு கோர்ட்ல முடியிற பாட்டுகளுக்குத் தாளம் எப்படி உயிர் குடுக்குதுன்னு கிட்டார்காரர் கவனிக்கலாம்.

இந்தப் பேரைத் தேடுறவங்களுக்கு ஒரு வசதி. 2026 கிராமி விழாவுல இருந்து 'சிறந்த ட்ரெடிஷனல் கன்ட்ரி அல்பம்'னு தனிப் பிரிவு வெச்சிட்டாங்க, பழைய பிரிவு 'கன்டெம்பரரி' ஆயிருச்சு. பரிந்துரைப் பட்டியலை எடுத்தாலே தேடுற வேலை பாதி முடியும்.

டேட்டா: 40 நிமிஷ அல்பம் 160 கேபிபிஎஸ்ல 48 எம்பி, 320ல 96 எம்பி. நஷ்டமில்லாத ஃப்ளாக் கோப்பு 200க்கு மேல போகும். பழகுறதுக்கு 320க்கு மேல தேவையே இல்ல, ஆனா 96 கேபிபிஎஸ்ல எடுத்துராதீங்க. மாண்டலினோட 'சக்'கும் பான்ஜோவோட மேல் சத்தமும் அங்கதான் முதல்ல குழம்பும். ஒரு தடவை இறக்கி வெச்சிட்டு ஆஃப்லைன்ல நூறு தடவை கேளுங்க. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரீம் பண்றவங்களுக்குத்தான் டேட்டா எரியுது.

புது அல்பம் பொதுவா வெள்ளிக்கிழமைதான் வரும், 2015 நடுப்பகுதியில இருந்து உலகம் முழுக்க அந்த ஒழுங்குதான். பெரும்பாலும் அந்தந்த நாட்டு நள்ளிரவுல திறக்கிறதால நமக்கு நியூயோர்க்கை விட ஒன்பதரை மணித்தியாலம் முந்தியே கிடைக்கும், அங்க குளிர்காலம்னா பத்தரை.

டேட்டா கொஞ்சம் இருந்தா கிராண்ட் ஓல் ஒப்ரி கேளுங்க. டபிள்யூ.எஸ்.எம் வானொலியோட இணைய ஒலிபரப்புல வரும். அங்க சனி இரவு 7 மணி, நமக்கு ஞாயிறு விடியக்காலை 5.30. நவம்பர்ல அவங்க கடிகாரத்தைப் பின்னுக்கு வெச்ச பிறகு 6.30. 1925ல தொடங்கின நிகழ்ச்சி. கன்ட்ரியும் புளூகிராஸும் ஒரே மேடையில அடுத்தடுத்து வர்றதால வித்தியாசம் விளக்காமலே விளங்கும்.

ஹட்டன்_ஆறுதந்தி:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. 'தகிட தகிட தக'வை இன்னைக்கே போட்டுப் பார்த்தோம், பான்ஜோ இல்லாமலே கேக்குது!

இரண்டு சிக்கல். கிட்டாரை ட்யூனரோட சேர்த்தாலும் அல்பத்தோட சேர்த்து வாசிச்சா சுருதி ஒட்டல. ஜி வடிவம் பிடிச்சா பாட்டு வேற எங்கயோ இருக்கு. அடுத்தது மழை. ஜூன்ல இருந்து இந்தப் பக்கம் வெயிலே இல்ல, கிட்டார்ல தந்தி பிரெட்டை விட்டு மேல எழும்பி விரல் வலிக்குது. அடுப்படிப் பக்கம் தொங்கவிட்டாக் காயும்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

பண்டாரவளை_பட்டறை:

அடுப்படிப் பக்கம் தொங்கவிடாதீங்க.

காமன் கூத்துக்கு முன்னால தப்பை நெருப்புல காய்ச்சுறதைப் பார்த்துட்டுச் சொல்ற யோசனை அது. தப்புல இருக்கிறது தோல். ஈரம் பட்டாத் தொய்யும், சூடு பட்டா இறுகும், சட்டத்துல ஒட்டுப் போன சாமான் ஒண்ணும் பெருசா இல்ல. கிட்டாரை நிக்க வைக்கிறதே பசைதான். 60 பாகை தாண்டினாப் பசை இளகும். தந்தி மாட்டுற பிரிட்ஜ் பின்பக்கம் மெதுவா எழும்பும், முதல்ல ஒரு கடதாசி நுழையிற இடைவெளி, பிறகு ஒருநாள் 'டப்'புனு கையோட வந்துரும். புகையும் கரியும் வேற.

உங்க கிட்டார்ல நடக்கிறது இதுதான். முன் பலகை ஸ்ப்ரூஸ் மரம், ஈரத்தை இழுத்து நார் குறுக்கே வீங்குது. பக்கவாட்டுல போக இடமில்லாம மேல வளையுது, பிரிட்ஜையும் சேர்த்துத் தூக்குது. அதனால தந்தி எழும்புது. கழுத்துல கோளாறு இல்ல. இந்த நேரம் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) திருப்பினாலும், சேடிலை (பிரிட்ஜ் மேல தந்தி உட்காருற துண்டு) தேய்ச்சாலும், வெயில் காலம் வரும்போது பலகை இறங்கி எல்லாத் தந்தியும் பிரெட்டுல அடிச்சு இரையும். தேய்ச்ச சேடில் திரும்ப வளராது.

செய்ய வேண்டியது: ஈரமானி ஒண்ணு வாங்கிப் பெட்டிக்குள்ள வையுங்க. 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள நின்னா நல்லது, மலைநாட்டுல 60க்குள்ள நின்னாலே கும்பிடலாம். கடினப் பெட்டியில ரப்பர் ஓரம் சரியா மூடணும். உள்ள 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில கட்டி, கழுத்துத் தலைப் பக்கம் ஒண்ணு, உடம்புப் பக்கம் ஒண்ணு. நிறம் மாறுற ரகமா வாங்குங்க. மாறினதும் அவணுல 120 பாகையில ஒன்றரை மணித்தியாலம், இல்லாட்டித் தடித்த சட்டியில மெல்லிய நெருப்புல கிளறி எடுங்க. முழுசா ஆறின பிறகுதான் பெட்டிக்குள்ள வைக்கணும், சூடோட வைக்காதீங்க. வாசிக்கிற நேரம் தவிர மற்ற நேரம் பெட்டி மூடியே இருக்கணும். சுவர்ல கொக்கி மாட்டித் தொங்கவிடுறது படத்துல அழகா இருக்கும், லயத்துச் சுவர்ல ஈரம் ஊறும்.

ஒண்ணு கவனிங்க. ஜூலை, ஆகஸ்டுல ஹட்டன் பக்கம் மழை, ஊவாப் பக்கம் அதே நேரம் கச்சான் காத்துல காயுது. நிகழ்ச்சின்னு காலையில அங்க ஏறி மத்தியானம் பண்டாரவளையில இறங்குற கருவிக்கு ஒரே நாள்ல இரண்டு காலநிலை. வந்ததும் பெட்டியைத் திறக்காம ஒரு மணித்தியாலம் விடுங்க, பிறகு சுருதி சேருங்க. இறங்கின உடனே சேர்த்தா இரண்டு பாட்டுக்குள்ள போயிரும்.

மாண்டலின் தந்தி: கடையில கிடைக்கிறது பெரும்பாலும் குண்டு முனை போட்ட கிட்டார் தந்தி. மாண்டலினுக்கும் பான்ஜோவுக்கும் வளைய முனை வேணும். தேடிக் கிடைக்காட்டிக் குண்டைக் குறடால நசுக்கி உடைச்சு எடுங்க, வளையம் மிஞ்சும். கண்ணாடி போட்டுக்கிட்டு, துணியால மூடிச் செய்யணும், தெறிக்கும். தடிப்பு 11, 15, 26, 40 (அங்குலத்துல ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) சரியான அளவு. 11–52 கிட்டார் செட் இரண்டு எடுத்தா 11ம் 15ம் அப்படியே பொருந்தும். டி தந்திக்கு அதுல இருக்கிற 22 மெலிசு, தொளதொளக்கும், 24 தனியா வாங்குங்க. ஜிக்கு 42 கொஞ்சம் தடிப்பு, 39 கிடைச்சா அதைப் போடுங்க. தந்தி மாத்தும்போது எட்டையும் ஒண்ணாக் கழட்டாதீங்க. மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டினது இல்ல, தந்தி அழுத்தத்துலதான் நிக்குது. கழட்டினா நகர்ந்துரும், பிறகு 12ஆம் பிரெட்டுச் சத்தம் பேசும் இடம் தப்பும்.

நாலுகட்டை:

சுருதி ஒட்டாததுக்கு ட்யூனர்ல பிழை இல்ல தம்பி, கேப்போதான் (கழுத்துல மாட்டி எல்லாத் தந்தியையும் அழுத்துற கிளிப்) விடை. புளூகிராஸ்ல பாடுறவங்க குரல் உச்சத்துல நிக்கணும்னு பாட்டை ஏ, பி ஃப்ளாட், 'பி'ன்னு தூக்கி வைப்பாங்க. கிட்டார்காரர் ஜி வடிவத்தை விடமாட்டார், கேப்போ போட்டுருவார். ஜி வடிவத்தோட கேப்போ 2ல வெச்சா ஏ, 3ல பி ஃப்ளாட், 4ல பி. சி வடிவத்தோட 2ல வெச்சா டி. முதல்ல பாட்டோட கடைசிச் சுரத்தைக் கண்டுபிடிங்க, அங்கதான் பாட்டு வந்து உட்காரும். அதைத் தடித்த தந்தியில தேடி, கேப்போவை நகர்த்துங்க. கேப்போவைப் பிரெட்டுக்கு ஒட்டிப் பின்னால வையுங்க. நடுவுல வெச்சா எல்லாத் தந்தியோட சுருதியும் கொஞ்சம் மேல ஏறிப் போகும். அப்பவும் ஒட்டலைங்கிறீங்கன்னா அதுதான் காரணம்.

மாண்டலின்ல கேப்போ வேண்டாம். அக்கா சொன்ன வடிவத்தை நகர்த்துறதுதான்.

வேகத்துக்கு யூடியூப்ல 0.75 வையுங்க, சுருதி மாறாது. 0.5க்கு இறங்காதீங்க, ஒவ்வொரு அடியும் குழைஞ்சு எங்க தட்டுறாங்கன்னே தெரியாமப் போகும். இறக்கின கோப்புன்னா ஒடாசிட்டியில 'சேஞ்ச் டெம்போ'வுல மைனஸ் 30. பக்கத்துல 'சேஞ்ச் ஸ்பீட்'னு தொடங்குறதைத் தொட்டீங்கன்னா சுருதியும் சேர்ந்து இறங்கும். பிறகு வாரத்துக்கு 5 ஆக் கூட்டுங்க. இயர்ஃபோன்ல ஒரு பக்கத்தைக் கழட்டிட்டுக் கேளுங்க. பெரும்பாலான பதிவுகள்ல மாண்டலின் ஒரு காதுலயும் பான்ஜோ மற்றக் காதுலயும் சாய்ஞ்சிருக்கும். ஒண்ணைத் தனியாப் பிடிக்கிறதுக்கு இதை விட மலிவான வழி இல்ல.

ஞாயிறு_ரேடியோ:

'ஆர்கேடியா'வைப் பழகுறதுக்குக் குடுத்தது சரியில்ல அண்ணே. கேட்க நல்லது, ஒத்துக்கிறேன். ஆனா அதுல முன்னுக்கு உந்துற அந்தத் தள்ளு இல்ல. அதைக் கேட்டுப் பழகினா மூணு மாசத்துல எல்லாரும் மெதுவா, அழகா, தூங்குற மாதிரி வாசிப்பாங்க.

நாலுகட்டை:

தள்ளு வேணும்னுதான் டெல் மெக்கூரியை முதல்ல வெச்சேன். 'ஆர்கேடியா' எப்ப வாசிக்காம இருக்கணும்னு படிக்கிறதுக்கு. இரண்டையும் ஒரே நாள்ல அடுத்தடுத்துக் கேட்கட்டும், சண்டை தீரும்.

ஹட்டன்_ஆறுதந்தி:

அப்ப டெல் மெக்கூரி, 'மீ அண்ட் டாட்', ஸாக் டாப் முதலாவது, 'ஆர்கேடியா'. நாலும் 320ல இறக்குறோம். கஹோன்காரர் 'டூம்' மட்டும்னதும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார், ஸாக் டாப் பாட்டுக்கு முழுசா அடிக்கலாம்னு சொல்லிச் சமாளிச்சாச்சு. கடைசியா ஒண்ணு: பான்ஜோ பழசா ஒண்ணு விலைக்கு வருது. என்ன பார்த்து வாங்கணும்?

பண்டாரவளை_பட்டறை:

முதல்ல தந்தியை எண்ணுங்க. நாலு தந்தி டெனர் பான்ஜோவை யாராவது புளூகிராஸுக்குன்னு விக்கப் பார்ப்பாங்க, அது வேற கருவி. அஞ்சு தந்தி, அஞ்சாவது பாதிக் கழுத்துல இருந்து தொடங்கணும். சுருதி ஜி–டி–ஜி–பி–டி, முதல் ஜி அந்தக் குட்டித் தந்தி. பின்னால மரக் கிண்ணம், அதாவது ரெசனேட்டர், இருக்கணும். உள்ள உலோக டோன் ரிங் இருந்தா எடை 5 கிலோ கிட்ட வரும். தூக்கினதும் லேசா இருந்தா அது இல்லைன்னு வெச்சிக்கங்க.

முகப்பு பிளாஸ்டிக்கா தோலான்னு பாருங்க. பிளாஸ்டிக்னா நம்ம ஊருக்கு நல்லது, ஈரம் குடிக்காது. தோல்னா மழையில தொய்யும். அப்ப கொக்கிகளை இறுக்கி, வெயில் வரும்போது தளர்த்த மறந்தாக் கிழியும். காய்ச்ச வேண்டாம், திரும்பவும் சொல்றேன். பிளாஸ்டிக் முகப்பைப் பிரிட்ஜுக்குப் பக்கத்துல விரலால தட்டினா ஜிக்கும் ஏக்கும் நடுவுல, ஜி ஷார்ப் கிட்ட ஒலிக்கணும். தொங்கினா எதிரெதிர்க் கொக்கியா, ஒவ்வொண்ணுக்கும் எட்டில் ஒரு சுற்று. ஒரே பக்கத்தை இறுக்கிட்டே போனா வளையம் கோணும்.

பிரிட்ஜை 12ஆம் பிரெட்டு வெச்சுச் சரிபாருங்க, அங்க அழுத்தின சத்தமும் ஹார்மோனிக்கும் ஒண்ணா இருக்கணும்.

கடைசியாக் குட்டித் தந்திக்குக் கீழ, 7ஆவது 9ஆவது பிரெட்டுல சின்ன ஆணிக் கொக்கி இருக்கான்னு பாருங்க. கிட்டார் கேப்போவை 2ல போட்டா அந்தத் தந்தி ஏக்கு ஏறணும், 4ல போட்டா பிக்கு. ஏக்கு முறுக்கி ஏத்திரலாம். பிக்கு முறுக்கினா அறுந்து கண்ணுக்கு வரும். 7ஆவது ஆணியில மாட்டினா ஏ, 9ஆவதுல மாட்டினா பி. ஆணி இல்லாட்டி வாங்காம விட வேண்டாம், பொம்மை ரயில் பாதைச் செட்டுக்கு வர்ற குட்டி ஆணியே போதும். ஓட்டை போடுறதை மட்டும் பழகின கையில குடுங்க, பிரெட் பலகை ஓரம் பிளந்தா திரும்ப ஒட்டாது.